வாசர் தேய்ந்த பிறகு

பழனிக்கு வடக்கே, தாராபுரம் பக்கமாக விரியும் வறண்ட சமவெளியில் இருக்கிறது தொப்பம்பட்டி. திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றுக்கு இந்த ஊரின் பெயர்தான். மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி. மேல்மண்ணைத் தாண்டினால் கெட்டிப் பாறை. இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு தலைமுறைக்கும் மேலாகக் குடிதண்ணீர் என்றால் அடிபம்பு என்றுதான் பொருள். 'வடிவமைப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருபவை செல்போனும் காரும் நாற்காலியும். ஊர்ப் பொதுவில் துருவேறி நிற்கும் அந்த இரும்புக் கைப்பிடியை எவரும் வடிவமைப்பாக எண்ணுவதில்லை. ஆனால் மனிதரையும் அவர்கள் நலத்தையும் நடுவில் வைத்து ஒரு பொருளைச் செய்வது எப்படி என்று கேட்டால், இந்திய மண்ணில் இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. ஒரு பொருள் மனிதருக்காகச் செய்யப்பட்டதா என்பது அது பெயின்ட் காயாமல் புதிதாக நிற்கும் நாளில் தெரிவதில்லை. வாசர் தேய்ந்து தண்ணீர் ஏறாமல் போன பிறகு அதைத் திறந்து சரிசெய்ய யாரால் முடிகிறது, யார் வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதுவரை குடத்தைத் தூக்கிக்கொண்டு யார் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதில்தான் தெரிகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். அதற்கான சான்றுகளும் அதற்கு எதிராகச் சொல்லத்தக்கவையும் அடிபம்பின் வரலாற்றிலேயே நிறைய இருக்கின்றன.

1960களின் நடுவில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பெரும் வறட்சி. கெட்டிப் பாறையைக் காற்றழுத்தத்தால் குடைந்து இறங்கும் ரிக் வண்டிகளை யுனிசெப் நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. வெட்டினாலும் ஊறாத கிணறுகளின் பக்கத்தில் சில மணி நேரத்தில் போர் இறங்கியது. அந்தக் குழிகளின் மேல் வைக்கப்பட்டவை வார்ப்பிரும்புப் பம்புகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பண்ணை வீட்டுக் குடும்பம் தன் தேவைக்கு நாளுக்குச் சில முறை அடிப்பதற்காகச் செய்யப்பட்டவற்றின் நகல்கள் அவை. இங்கே ஒரே பம்பில் நூற்றுக்கணக்கானவர்கள் விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை அடித்தார்கள். கைப்பிடியைத் தாங்கிய முளைகள் தேய்ந்தன, வார்ப்பு விண்டது, ராடு அறுந்தது. 1970களின் நடுவில் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் யுனிசெப் கணக்கெடுத்தபோது, நட்ட பம்புகளில் முக்கால்வாசி வேலை செய்யவில்லை. போர் போட்டதற்கான கணக்கு அரசிடம் இருந்தது. பம்பு நட்டதற்கான கணக்கும் இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. இந்தத் தோல்விக்கு ஊர் மக்களின் கவனக்குறைவைக் காரணம் சொன்னவர்கள் உண்டு, 'முரட்டுத்தனமாக அடித்தால் எது நிற்கும்' என்று. அது நியாயமற்ற பேச்சு. எத்தனை கைகள் படும் என்று எண்ணிப் பார்க்காமல் செய்த பொருளின் குற்றத்தை, வேறு வழியில்லாமல் அதை அடித்தவர்கள் தலையில் சுமத்துவது அது.

விடை கிடைத்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல. மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிறித்தவத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து போர் போட்டுக்கொண்டிருந்த பட்டறைகளில், வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகுத் தகட்டைப் பற்றவைத்துப் பம்பு செய்யத் தொடங்கியிருந்தார்கள். முறையாகப் பொறியியல் படிக்காத ஒரு மெக்கானிக்கின் கைவேலையாகத் தொடங்கியது என்று சோலாப்பூர் பம்பைச் சொல்வார்கள். உடைந்த பம்புகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்கு எது முதலில் உடைகிறது என்பது தெரிந்திருக்கிறது. அந்த அறிவை எடுத்துக்கொண்டுதான் இந்திய அரசும் யுனிசெப்பும் உலக சுகாதார நிறுவனமும், சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் என்ற பொதுத்துறை ஆலையும் சேர்ந்து 'இந்தியா மார்க் 2' பம்பை உருவாக்கின. விலை 200 டாலருக்குள் இருக்க வேண்டும், ஓராண்டாவது பெரிய பழுதில்லாமல் ஓட வேண்டும், நம் ஊர்ச் சிறு பட்டறைகளில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பவை அதற்கு வைத்த நிபந்தனைகள். சோதனைக்குத் தேர்ந்த இடம் கோயம்புத்தூர் வட்டாரம். தண்ணீர் ஆழத்தில் கிடந்தது, கூட்டம் அதிகம். இங்கே தாக்குப்பிடிப்பது எங்கேயும் தாக்குப்பிடிக்கும். தொப்பம்பட்டியின் வறட்சியும் அதே குணம் கொண்டதுதான். 1977-78 வாக்கில் உற்பத்தி சூடுபிடித்தது. 1990களின் நடுவுக்குள் உலகம் முழுவதும் சுமார் 50 லட்சம் பம்புகள் நின்றன. எவரும் காப்புரிமை கேட்காத வடிவம் என்பதால் ஆப்பிரிக்க நாடுகளிலும் அதைச் செய்தார்கள்.

அதன் உள்ளே பார்த்தால் கைப்பிடிக்கும் ராடுக்கும் நடுவே ஒரு செயின் இருக்கிறது. கைப்பிடி வில்லாக வளைந்து இறங்கும்போதும் ராடு நேராகவே மேலேறும். பக்கவாட்டு இழுப்பு இல்லாததால் தேய்மானம் குறைவு. கைப்பிடி, குழாயாக இல்லாமல் கெட்டி இரும்புக் கட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கீழே தொங்கும் ராடுகளின் பாரத்தை அந்தக் கட்டையின் கனம் மறுபக்கம் சமன் செய்கிறது. நம் பழைய ஏற்றத்தின் பின்முனையில் கல்லைக் கட்டுவதும் இதே கணக்குதான். பத்து வயதுப் பெண்குழந்தையும் அறுபது வயதுப் பாட்டியும் 100 அடி ஆழத்துத் தண்ணீரை மேலே கொண்டுவர முடிந்தது இதனால்தான். உடம்பைத் தெரிந்து செய்த வேலை என்று இதைச் சொல்லலாம். அந்தப் பம்பின் அடியில் வைக்கும் குடத்துக்கும் இதே பெருமை உண்டு. மண்ணிலிருந்து பித்தளைக்கும், பித்தளையிலிருந்து எவர்சில்வருக்கும், அங்கிருந்து பிளாஸ்டிக்குக்கும் மாறிய பிறகும் குடம் தன் வளைவை விடவில்லை. பொருள் மாறியது, இடுப்பு மாறவில்லை அல்லவா? அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், நாட்டில் கண்ட பொருள்களிலேயே சொம்பைத்தான் மிகவும் போற்றினார்கள்; அதை எங்கே வைத்துத் தூக்குகிறார்கள், எப்படிக் கவிழ்க்கிறார்கள், எப்படித் துலக்குகிறார்கள் என்று கேள்விகளை அடுக்கினார்கள். அந்த அறிக்கையின் தூண்டுதலால் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. அவர்கள் அடுக்கிய கேள்விகள் நல்லவை. சொம்பு உடைந்தால் ஈயம் பூசுபவரும் பாத்திரக்காரரும் தெருவுக்கே வந்த காலம் அது என்பதால், யார் சரிசெய்வார் என்ற கேள்வி அன்று உறுத்தியிருக்காது. ஒரு பொருளுக்குள் செயினும் பேரிங்கும் நுழைந்த பிறகு அதுவே முதல் கேள்வியாகிவிடுகிறது.

மார்க் 2 பம்புக்கு அந்தக் கேள்வியில்தான் சறுக்கல். மேலே உள்ள பாகங்களைச் சாதாரண ஸ்பேனரால் கழற்றலாம். ஆனால் தண்ணீரைத் தள்ளும் சிலிண்டர் கீழே, பாறைக் குழிக்குள் இருக்கிறது. அதனுள் தோல் வாசர். அந்த வாசர் கைக்குள் அடங்கும், விலையும் சொற்பம். அதை மாற்ற வேண்டுமானால் அத்தனை குழாய்களையும் ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். அதற்கு நாலைந்து ஆட்களும் கனமான கருவிகளும் ஒரு வண்டியும் தேவை. இதற்காகத் தமிழ்நாட்டில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறை உருவாயிற்று. ஊரில் ஒரு காப்பாளர் எண்ணெய் போட்டு நட்டை முடுக்குவார். ஒன்றியத்தில் ஒரு பிட்டர். மாவட்டத்தில் வேனும் குழுவும். காகிதத்தில் ஒழுங்கான ஏற்பாடு. நடைமுறையில், சின்னப் பழுதைத் தவிர எல்லாமே மாவட்ட வேனுக்காகக் காத்திருந்தன. ஊர்க்காரர் மனு எழுதுவார், ஒன்றிய அலுவலகம் மேலே அனுப்பும், வேன் வேறெங்கோ இருக்கும். ஓர் உள்ளங்கையளவு தோல் தேய்ந்ததற்காக ஓர் ஊரே வாரக்கணக்கில் தோட்டத்துக் கிணறுகளைத் தேடி நடந்தது. பம்பை அடிப்பவரின் தோளைக் கணக்கில் எடுத்த வடிவம், அதே பம்பைத் திறக்கப்போகிறவரின் கையைக் கணக்கில் எடுக்கவில்லை.

இதைப் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பது மதிக்கத்தக்கது. 1983இலிருந்து சில ஆண்டுகள் உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் கோயம்புத்தூரில் ஒரு நெடிய கள ஆய்வை நடத்தின. பம்புகளை ஊர்களிலேயே ஓடவிட்டு, எந்தப் பாகம் எத்தனை நாளில் தேய்கிறது என்று குறித்தார்கள். தோல் வாசருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாசர் வந்தது, பல மடங்கு காலம் உழைத்தது. அடுத்து வந்த மார்க் 3 பம்பில் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கினார்கள். வெளிக்குழாயைத் தொடாமல் உள்ளிருக்கும் ராடையும் வாசரையும் மட்டும் மேலே இழுத்துவிடலாம். வேன் வேண்டாம், கூட்டம் வேண்டாம்; ஊரில் இரண்டு பேர் சில கருவிகளோடு முடித்துவிடுவார்கள். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் மார்க் 2தான் நிலைத்தது. விட்டம் கூடிய குழாய்க்கு முதல் செலவு அதிகம். அந்தக் கூடுதல் செலவு டெண்டரில் எண்ணாகத் தெரியும். வேன் வரும்வரை ஒரு பெண் நடந்த மைல்கள் எந்த டெண்டரிலும் ஏறாது. இங்கேதான் செலவைக் காட்டிச் சொல்லப்படும் ஆட்சேபத்தைப் பார்க்க வேண்டும். ஏழை நாடு, முதலில் எல்லோருக்கும் ஏதாவது கொடுப்போம், மனித நலம் பார்த்துச் செதுக்குவது பிறகு என்பார்கள். நேர்மையான கவலைதான், தள்ளிவிட முடியாது. ஆனால் முக்கால்வாசி பம்பு நின்றுபோன 1970களின் கணக்கே இதற்கு மறுமொழி. அன்று நட்ட நாலில் மூன்று பம்பின் விலை மண்ணில் போனது. நட்ட அன்றைய விலையை மட்டும் பார்க்காமல், ஓடிய நாள்களால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்பது தலைகீழாகிவிடும்.

பழுது பார்ப்பவர் யார் என்பதிலும் ஒரு மாற்றம் நடந்தது. பம்பு நின்றால் அல்லல்படுவது பெண்கள். ஸ்பேனர் பிடித்தவர்களோ பெரும்பாலும் வெளியூர் ஆண்கள். ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள தொண்டு நிறுவனம் ஊர்க்காரர்களையே, பிற்பாடு பெண்களையும், பம்பு மெக்கானிக்குகளாகப் பழக்கியது. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் மகிளா சமாக்யா திட்டத்தின்கீழ் தலித், பழங்குடிப் பெண்கள் பலர், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உட்பட, மார்க் 2 பம்பைக் கழற்றி மாட்டக் கற்றார்கள். அவர்களுக்குக் கைவந்தது வெறும் தொழில் மட்டும் இல்லை. பழுதைக் குறித்து வைக்கவும் உதிரிப்பாகங்களுக்கு எழுதிக் கேட்கவும் எழுத்து வேண்டும் என்று அவர்களே கேட்டு வாங்கிப் படித்தார்கள். ஒரு பொருளைத் திறக்கத் தெரிந்தவருக்கு அதன்மேல் ஓர் உரிமை வந்துவிடுகிறது. 'பயனாளி' என்ற அரசாங்கச் சொல் எனக்கு ஒவ்வாமல் இருப்பது இதனால்தான். கொடுத்ததை வாங்கிக்கொள்பவர் என்ற தொனி அதில் இருக்கிறது.

இனி கடினமான ஆட்சேபம். மார்க் 2 பம்பை வடிவமைத்தவர்கள் பொறியாளர்கள். தண்ணீர் சுமந்த பெண்களோடு உட்கார்ந்து அதன் படத்தை வரையவில்லை. அப்படியிருந்தும் உலகத்திலேயே அதிகம் பரவிய கைப்பம்பு அதுதான். ஆகவே மக்களைக் கேட்பது வெறும் சடங்கு, நல்ல பொறியியல் போதும் என்று ஒருவர் வாதிடலாம். இதில் பாதி உண்மை. மக்களைக் கேட்டுவிட்டால் மட்டும் பம்பு ஓடாது. பேரிங் நல்லதாக இருக்க வேண்டும். ஆனால் கோயம்புத்தூரில் பம்புகளைக் கூட்டத்தின் நடுவே நட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்ததும் கேட்பதில் ஒரு வகைதான். வாயால் சொன்னதைவிடக் கை செய்ததைப் பார்த்தார்கள். இப்படிப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் உருவான 'பிளேபம்ப்' சாட்சி. குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தின் அடியில் பம்பைப் பொருத்தினால், விளையாட்டே தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றிவிடும் என்பது யோசனை. கேட்பவர் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. 2006இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவிக்கப்பட்டது; 2010க்குள் ஆப்பிரிக்க நாடுகளில் 4000 பம்புகள் என்பது இலக்கு. ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர், சாதாரணக் கைப்பம்பைப்போலப் பல மடங்கு. குழந்தைகளுக்குக் கொஞ்ச நேரத்தில் சலித்துவிட்டது. பாரமான ராட்டினத்தைக் குனிந்து தள்ளிச் சுற்றியவர்கள் வயதான பெண்கள். சொன்ன அளவு தண்ணீர் கிடைக்கக் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் கார்டியன் இதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. பழுதானால் தொட உள்ளூரில் ஆளில்லை. மனிதர்மேல் அன்பு இல்லாமல் செய்யப்பட்ட பொருள் அல்ல அது. தண்ணீர் பிடிப்பவரைவிடப் பணம் தருபவரின் மனத்தைத் தொட்ட பொருள்.

பம்பு எப்படி இருக்கிறது என்பதோடு எங்கே நிற்கிறது என்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான். இதைப் பேசாமல் தமிழ்நாட்டில் மனிதரை நடுவில் வைத்தோம் என்று சொல்ல முடியாது. ஊருக்கு ஒரு கிணறு இருந்த காலத்தில் அதைத் தொட முடியாதவர்கள் யாராவது ஊற்றும்வரை ஓரத்தில் காத்து நின்றார்கள். தலித் மக்களின் காலனிக்கு அரசு தனியாக ஒரு பம்பைக் கொடுத்தபோது அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. அது சிறிய விடுதலை அல்ல. அதே வேளையில் ஊரும் காலனியும் ஒரே பம்பில் சந்திக்க வேண்டிய தேவையும் ஒழிந்தது. பின்னால் வந்த மேல்நிலைத் தொட்டிகளும் பல ஊர்களில் அதே கோட்டின்படியே எழுந்தன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களுக்குத் தண்ணீர் தரும் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது வெளிப்பட்டது. ஒரு தொட்டியின் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்படி நம் குழாய்கள் போடப்பட்டிருக்கின்றன. குழாய் போட்ட பொறியாளர் தான் சாதி பார்க்கவில்லை என்று மனமாரச் சொல்லலாம். இருக்கிற தெருக்களின் கோட்டை அப்படியே பின்பற்றினாலே போதும், வரைபடம் தானாகச் சாதி பார்த்துவிடும்.

மனிதரையே நடுவில் வைத்தால் மண் ஓரத்துக்குப் போய்விடும் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. வங்காளதேசம் இதற்கு மிகத் துயரமான எடுத்துக்காட்டு. குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பது 1993இல்தான் உறுதியானது. கோடிக்கணக்கானவர்கள் அதற்குள் பல ஆண்டுகள் குடித்துவிட்டிருந்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்துப் பாறையில் ஆர்சனிக் பேச்சில்லை, புளோரைடு இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை, தொடர்ந்து குடித்தால் எலும்பில் வலி. திண்டுக்கல் நகரைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இறங்கி உப்பேறிப்போன கிணறுகள் தனிக்கதை. இவற்றைச் சொல்லி, மனித நலம் என்ற குறிக்கோளே தவறு என்பாரும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தண்ணீர் வருகிறதா என்று பார்த்தவர்கள், அது பத்து ஆண்டுகள் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்காமல் விட்டார்கள். மனிதரை அளவுக்கு மீறிக் கவனித்ததால் வந்த கேடு அல்ல அது, அவர்களைக் குடம் நிறையும் நேரம் வரைக்கும் மட்டுமே கவனித்ததால் வந்தது. நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இது பொருந்தும். அடிபம்பு எட்டுவது 150 அடி வரைதான். மின்மோட்டார் வந்து, தோட்டங்களில் போர் 500, 1000 அடி என்று இறங்கியதும் கைக்கு எட்டிய தண்ணீர் போய்விட்டது. நன்றாகச் செய்த பல பம்புகள் பழுதால் நிற்கவில்லை, கீழே தண்ணீர் இல்லாமல் நின்றன. தன் தோட்டத்துக்கு மோட்டார் வாங்கிய விவசாயிக்கு அது மனித நலம் கருதிய கருவியேதான். நடுவில் வைப்பது எந்த மனிதரை என்று கேட்காமல் விட்டால், காசுள்ளவர் தானாக நடுவுக்கு வந்துவிடுவார்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971இல் தொடங்கப்பட்டது. யாரை நடுவில் வைப்பது என்ற இந்தச் சிக்கலை வாரியத்தின் உள்ளிருந்தே சிலர் உணர்ந்த ஒரு காலம் உண்டு. 2004ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாரியப் பொறியாளர்கள் 'கூடம்' என்ற பெயரில் வட்டமாக உட்கார்ந்து பேசும் முறையைக் கைக்கொண்டார்கள். பெரியவர் சிறியவர் என்ற பதவி வரிசை அந்த வட்டத்தில் இல்லை. முதலில் தங்களுக்குள், பிறகு ஊர் மக்களோடு. புதுத் திட்டம் போடுவதற்கு முன்னால் இருப்பதைப் பழுது பார்த்தால் போதுமா, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பவை அங்கே பேச்சாயின. புது போர் கேட்ட ஊர்கள் சில, பேசி முடித்தபோது பழைய போரையும் குளத்தையும் சரிசெய்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தன. வரைபலகையிலிருந்து எழுந்து தரையில் உட்கார்ந்ததால் பொறியியல் அறிவு குறைந்துவிடவில்லை. கேள்வி மட்டும் மாறியது.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வருகிறது. அடிபம்பைப் பற்றி இத்தனை பேச வேண்டுமா என்று கேட்கலாம். 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. வாசலிலேயே தண்ணீர் என்பது அடிபம்பு தர முடியாத நிம்மதி, பெண்களின் நாளில் மணிக்கணக்கைத் திருப்பித் தருவது. அதற்கு எதிராக ஒரு சொல் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பம்பின் கைப்பிடி யார் கையிலும் இருந்தது. குழாயின் வால்வு ஒருவர் கையில் இருக்கிறது. ஊராட்சியில் குறைந்த சம்பளத்தில் இருக்கும் டேங்க் ஆபரேட்டர் எத்தனை மணிக்குத் திறக்கிறார், மின்சாரம் போனால் என்ன ஆகிறது, வேலைக்குக் கிளம்பிவிட்டவர் வீட்டில் யார் பிடித்துவைப்பது என்று அடிபம்புக் காலத்தில் இல்லாத கேள்விகள் முளைத்திருக்கின்றன. மேட்டிலும் கடைசித் தெருவிலும் அழுத்தம் எட்டாத இடங்களில் தமிழ்நாடு முழுக்க ஒரு காட்சியைக் காணலாம். மக்கள் குழாயை வெட்டித் தாழ்த்தி, சுற்றிலும் குழி தோண்டி, அதற்குள் இறங்கிக் குடத்தை வைத்துப் பிடிக்கிறார்கள். நிறைந்த குடத்தை அங்கிருந்து மேலே தூக்கிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். கர்ப்பிணியாலும் முதியவராலும் ஆகாது. மழை பெய்தால் சாக்கடை அந்தக் குழியில்தான் தேங்கும். அலுவலகக் கணக்கில் அந்த வீடு இணைப்பு கொடுத்து முடிந்த வீடு. பொறியாளர் ஒருவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழி எத்தனை அடி என்று அளந்தால், கடைசி வீட்டில் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்பதும், அந்தத் தெருவுக்கு எந்த உயரத்தில் இன்னொரு தொட்டி வேண்டும் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.